நல்ல ஒப்பந்ததாரருக்குக் காலநீட்டிப்பையே பரிசாகத் தரலாமா?

அரசு வேலையை ஒழுங்காகச் செய்துவரும் நிறுவனத்தை ஒப்பந்தக் காலம் முடிந்ததும் திரும்ப டெண்டர் வரிசையில் நிற்கவைப்பது நியாயமா, நன்றாகச் செய்தவருக்குக் காலத்தையே கூட்டிக் கொடுத்துவிட்டால் என்ன, அப்படி எங்கேயாவது நடக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒப்பந்த நிர்வாகத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நடக்கிறது. லண்டன் மாநகரப் பேருந்துகளில் 2001-இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதியில் விமானப்படை ஒப்பந்தங்களில் தொடங்கி, பிறகு எரிசக்தித் துறையின் பெரிய ஆய்வுக்கூடங்கள் வரை போனது. லண்டனில் அது நிலைத்தது. அமெரிக்காவின் மிக முக்கியமான ஒரு ஆய்வுக்கூடத்தில் அது படுதோல்வி அடைந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையின் தரத்தை எண்ணிப் பார்க்க முடிய வேண்டும். அந்த வேலையை எடுத்துச் செய்யத் தகுதியுள்ள இன்னொருவர் வெளியே காத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இருக்கிற இடத்தில் காலநீட்டிப்பு மிக நல்ல பரிசு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அதைத் தொடக் கூடாது.

லண்டனில் இருந்து தொடங்குகிறேன். அங்கே 1985 முதல் பேருந்துத் தடங்கள் ஒவ்வொன்றாக டெண்டருக்கு வரத் தொடங்கின. 1994-இல் அரசுப் பேருந்து கம்பெனிகள் தனியாருக்கு விற்கப்பட்டன. ஆனால் தடத்தையும் நேரத்தையும் கட்டணத்தையும் இன்றும் பொது அமைப்புதான் தீர்மானிக்கிறது. இப்போது அதன் பெயர் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன். டிக்கெட் வருமானம் அந்த அமைப்புக்குப் போகிறது. கம்பெனிக்குக் கிடைப்பது பேருந்தை ஓட்டித் தருவதற்கான ஒப்பந்தத் தொகை மட்டுமே. கூட்டம் அதிகம் என்றாலும் குறைவு என்றாலும் அதற்கு அதே தொகை. அப்படியானால் நேரத்துக்கு ஓட்ட வேண்டும் என்ற அக்கறை கம்பெனிக்கு எங்கிருந்து வரும்? அதற்காக 2001-இல் ஒப்பந்த முறையை மாற்றினார்கள். ஒரு தடத்துக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தம். ஓட்டம் நன்றாக இருந்தால் ஒப்பந்தத் தொகைக்கு மேல் 15 சதவீதம் வரை ஊக்கத்தொகை, மோசமாக இருந்தால் 10 சதவீதம் வரை பிடித்தம். இதற்கும் மேலாக, முன்கூட்டியே குறித்த ஒரு அளவை எட்டிய கம்பெனிக்கு இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு.

அந்த அளவு என்ன என்பதில்தான் முறையின் உயிர் இருக்கிறது. அடிக்கடி பேருந்து ஓடும் தடங்களில் "பேருந்து சரியான நேரத்துக்கு வந்ததா" என்று அவர்கள் கேட்கவில்லை. "பயணி அட்டவணைப்படி நிற்க வேண்டியதைவிட எவ்வளவு நேரம் கூடுதலாக நின்றார்" என்று கேட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஓடும் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்பார். இப்போது ஒரு பேருந்து தாமதமாகி, பின்னால் வந்ததோடு ஒட்டிக்கொள்கிறது. இடைவெளி 18 நிமிடம், 2 நிமிடம், மறுபடி 18, மறுபடி 2 என்று ஆகிவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் போன பேருந்துகளின் எண்ணிக்கை அதே ஆறுதான். ஆனால் பெரும்பாலான பயணிகள் வந்து சேர்வது அந்த 18 நிமிட இடைவெளியில். கணக்குப் போட்டால் சராசரிக் காத்திருப்பு 8.2 நிமிடம். கூடுதல் 3.2 நிமிடம். டிப்போவில் இருந்து எத்தனை பேருந்து கிளம்பியது என்று எண்ணுகிற எந்தப் பதிவேட்டிலும் இந்தக் குறை தெரியாது. நிறுத்தத்தில் நிற்பவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிவதை அளவுகோலாக ஆக்கியதுதான் அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்களின் சாமர்த்தியம்.

அளவு எண்ணாக இருந்ததால் நீட்டிப்பு யாருடைய தயவையும் நம்பி இல்லை. எல்லையைத் தொட்டால் இரண்டு ஆண்டு கம்பெனிக்கு உரிமை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அதை ஏற்பதும் மறுப்பதும் கம்பெனியின் விருப்பம். செலவு ஏறிப்போய்ப் பழைய விலையில் ஓட்டினால் கட்டுப்படியாகாது என்று நினைத்தால், "வேண்டாம், திரும்ப டெண்டர் விடுங்கள்" என்று அது சொல்லலாம். பரிசின் மதிப்பு ஒப்பந்த விலையைப் பொறுத்தது என்பதை இது காட்டுகிறது. நீட்டிப்புக் காலத்துக்கு விலை எப்படி ஏறும் என்ற சூத்திரம் நியாயமாக இல்லாவிட்டால், நல்ல நிறுவனம் பரிசை வாங்கிக்கொள்ளாது.

ஒரு பேருந்து கம்பெனிக்கு இரண்டு ஆண்டு ஏன் அவ்வளவு பெரிது? பேருந்து வாங்கக் கடன், டிப்போ குத்தகை, ஓட்டுநர் பயிற்சி எல்லாம் முன்கூட்டிய செலவு. ஐந்து ஆண்டில் அதை மீட்பது கடினம். ஏழு ஆண்டு என்றால் வங்கி வேறு முகத்தோடு பேசும். ஊக்கத்தொகை அந்த வருடத்தோடு செலவாகிவிடும். உறுதியான வருமானம் உள்ள இரண்டு ஆண்டுகளை வைத்து நிறுவனம் அடுத்த முதலீட்டைத் திட்டமிடலாம். அரசுக்கும் லாபம் உண்டு. டெண்டர் விடுவது, மதிப்பிடுவது, புதியவர் வந்து வேலை பழகும்வரை சகித்துக்கொள்வது, இவையெல்லாம் செலவுதான். நன்றாக ஓடுகிற தடத்தில் அந்தச் செலவை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை செய்யாமல் ஏழு ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் போதும்.

இந்த முறைக்கும் குறை உண்டு. அதை மறைத்துவிட்டு இதைப் புகழ எனக்கு மனம் இல்லை. எதை அளக்கிறீர்களோ அது நடக்கும். அளக்காதது பின்னுக்குப் போகும். லண்டன் பேருந்தில் ஏறியவர்கள் "இடைவெளியைச் சீராக்க இந்தப் பேருந்து சற்று நேரம் நிறுத்தப்படுகிறது" என்ற அறிவிப்பைக் கேட்டிருப்பார்கள். வெளியே நிற்பவரின் காத்திருப்பு எண்ணப்படுகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் நேரம் அந்தக் கணக்கில் இல்லை. அதைவிடக் கனமான குறை பாதுகாப்பு. ஓட்டுநர்கள் மேல் நேர அழுத்தம் விழுகிறது, ஒப்பந்தத்தில் ஊக்கம் எல்லாம் நேரத்துக்கே இருக்கிறது, விபத்தில்லாமல் ஓட்டுவதற்கும் அதே போல ஊக்கம் வேண்டும் என்று லண்டன் பேரவையின் போக்குவரத்துக் குழு 2017-இல் அறிக்கை கொடுத்தது. அந்த விமர்சனம் சரியானது என்றே நினைக்கிறேன். அளவுகோல் ஒன்றே ஒன்றாக இருந்தால், அது எவ்வளவு நல்ல அளவுகோலாக இருந்தாலும், மனித உயிர் அதற்கு வெளியே விழுந்துவிட இடம் இருக்கிறது.

இனி அமெரிக்கா. அங்கே சேவை ஒப்பந்தங்களில் வழக்கமான ஏற்பாடு "ஆப்ஷன்". ஓராண்டு ஒப்பந்தம், கூடவே நான்கு ஆப்ஷன் ஆண்டுகள் என்று எழுதுவார்கள். மத்திய கொள்முதல் விதிகளின்படி, தனி அனுமதி இல்லாவிட்டால், சேவை ஒப்பந்தத்தின் அடிப்படைக் காலமும் ஆப்ஷன்களும் சேர்ந்து ஐந்து ஆண்டைத் தாண்டக் கூடாது. ஆப்ஷன் என்பது அரசின் கையில் உள்ள உரிமை. ஒப்பந்ததாரர் எவ்வளவு சிறப்பாகச் செய்தாலும் அரசு அதைப் பயன்படுத்தாமல் விடலாம். காரணம் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. "அவார்ட் டெர்ம்" என்ற புதிய ஏற்பாடு இதைத் தலைகீழாக்கியது. குறித்த தரத்தை எட்டினால் கூடுதல் ஆண்டு ஒப்பந்ததாரருக்கு உரிமையாகிவிடும். இரண்டே நிபந்தனைகள்: அந்த வேலை அரசுக்கு அப்போதும் தேவைப்பட வேண்டும், அந்த ஆண்டுக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். பணம் ஒதுக்கப்படுவதற்கு முன் எந்த அதிகாரியும் அரசைக் கடனில் மாட்டிவைக்கக் கூடாது என்பது அந்த நாட்டின் பழைய சட்டம். அதனால் அந்த நிபந்தனை இல்லாமல் எழுதவே முடியாது.

இதைப் பெரிய அளவில் செய்துபார்த்த இடம் லாஸ் அலமோஸ். நியூ மெக்சிகோ மாநிலத்தில் முதல் அணுகுண்டு உருவாக்கப்பட்ட அதே ஆய்வுக்கூடம். 1943 முதல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அதை நடத்தி வந்தது. போட்டி டெண்டரே கிடையாது. பாதுகாப்புக் கோளாறுகளும் நிர்வாகக் கோளாறுகளும் தொடர்ந்து செய்தியாகவே, அரசு முதல் முறையாகப் போட்டிக்கு விட்டது. அதே பல்கலைக்கழகமும் பெக்டெல் முதலிய தொழில் நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய ஒரு கூட்டு நிறுவனம் வென்று, 2006 ஜூன் மாதம் பொறுப்பேற்றது. அடிப்படைக் காலம் ஏழு ஆண்டு. ஆண்டுதோறும் மதிப்பீட்டில் தேறினால் ஒவ்வொரு ஆண்டாகக் கூட்டிக்கொண்டே போய் மொத்தம் இருபது ஆண்டு வரை இருக்கலாம். தாளில் படிக்க அருமையாக இருந்த ஏற்பாடு இது.

2012 நிதியாண்டு மதிப்பீட்டில் அந்த நிறுவனம் கூடுதல் ஆண்டுக்கான தகுதியை எட்டவில்லை. முடிவு எடுக்கும் அதிகாரி, "இந்த ஒரு முறை மட்டும்" என்று விலக்களித்து ஆண்டைக் கொடுத்துவிட்டார். என் கணக்கில் அந்த ஏற்பாடு தோற்றது அன்றுதான். அதற்குப் பிறகு நடந்ததை உலகமே பார்த்தது.

2014 பிப்ரவரி 14 அன்று, கார்ல்ஸ்பாட் நகருக்கு அருகே உப்புப்பாறைக்குள் 655 மீட்டர் ஆழத்தில் இருக்கும் கதிரியக்கக் கழிவுக் கிடங்கில் ஒரு பீப்பாய் சூடேறி வாய்பிளந்தது. அது லாஸ் அலமோஸில் நிரப்பி அனுப்பப்பட்ட பீப்பாய். உள்ளே நைட்ரேட் உப்புக் கழிவு. ஈரத்தை உறிஞ்ச, வீடுகளில் பூனைக்குத் தட்டில் போடுவார்களே, அந்த மணலைக் கலப்பது வழக்கம். மண் வகையைச் சேர்ந்த கனிம மணலாக இருந்தால் ஆபத்தில்லை. செயல்முறைக் குறிப்பை மாற்றி எழுதியபோது, கனிமம் என்று இருக்க வேண்டிய இடத்தில் கரிமம் என்று இடம்பெற்றுவிட்டது. கோதுமையில் இருந்து தயாரான பூனை மணலை வாங்கிக் கலந்தார்கள். நைட்ரேட்டோடு எரியக்கூடிய தாவரப் பொருளைச் சேர்த்து மூடிவைத்தால் என்ன ஆகும் என்பது வேதியியல் மாணவனுக்கும் தெரியும். உலகின் தலைசிறந்த வேதியியலாளர்கள் வேலை செய்யும் வளாகத்தில் இருந்து அந்தப் பீப்பாய் வெளியே போனது. இடையில் ஒருவர்கூடத் தடுக்கவில்லை. கிடங்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு மூடிக் கிடந்தது. 2017 ஜனவரியில்தான் மறுபடி கழிவை உள்ளே இறக்கினார்கள். நியூ மெக்சிகோ மாநிலத்துக்கு மத்திய அரசு 7 கோடி டாலருக்கு மேல் ஈடு செய்ய வேண்டி வந்தது.

அப்போதுதான் அரசு விழித்தது. ஆய்வுக்கூடத்தை நடத்த நிறுவனத்துக்குத் தரும் அந்த ஆண்டுக் கட்டணத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை வெட்டியது. கூடுதல் ஆண்டைக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே ஈட்டியிருந்த ஓர் ஆண்டையும் பறித்தது. அடுத்த ஆண்டும் அந்த நிறுவனம் தேறவில்லை. ஒப்பந்தம் போட்டிக்கு வந்தது. 2018 நவம்பர் 1 அன்று புதிய கூட்டமைப்பு பொறுப்பேற்றது. அதில் இருந்தவர்கள் பேட்டெல் என்ற ஆய்வு நிறுவனம், டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், கூடவே அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். புதிய ஒப்பந்தத்தை எப்படி எழுதினார்கள் தெரியுமா? ஐந்து ஆண்டு அடிப்படை, பிறகு ஓராண்டு ஆப்ஷன்கள் ஐந்து. ஈட்டிக்கொள்ளும் ஆண்டுகள் என்ற ஏற்பாட்டையே கைவிட்டு, உரிமையை அரசு தன் கையில் திரும்ப எடுத்துக்கொண்டது.

லண்டனில் நிலைத்தது இங்கே ஏன் தோற்றது? அணு ஆய்வுக்கூடத்தின் தரத்தை எண்ணாகச் சொல்ல முடியாது. பல அதிகாரிகள் கூடி "நன்று", "மிக நன்று" என்று எழுதும் அபிப்பிராயம்தான் அளவுகோல். அபிப்பிராயத்தைத் தளர்த்துவது சுலபம். இரண்டாவது, அந்த வேலையை எடுத்துச் செய்யக்கூடியவர்கள் அந்த நாட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். பழையவரை அனுப்பினாலும் புதிய கூட்டமைப்பில் அவருக்கு ஒரு நாற்காலி இருக்கும். சிகாகோ அருகே உள்ள ஃபெர்மி ஆய்வுக்கூடத்திலும் இதே கதை. 2007-இல் தொடங்கிய ஒப்பந்தம் ஆண்டு ஆண்டாக நீண்டுகொண்டே போனது. 2021 மதிப்பீட்டில் திட்ட நிர்வாகத்துக்கு 'சி' கிரேடு வந்த பிறகு எரிசக்தித் துறை போட்டிக்கு விட்டது. 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற புதிய அமைப்பை வழிநடத்துவதும் முன்பு இருந்த அதே சிகாகோ பல்கலைக்கழகமும் அதன் பழைய கூட்டாளியும்தான். இரண்டு நிறுவனங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. இழந்தாலும் திரும்ப வந்துவிடலாம் என்று தெரிந்தவருக்கு, ஓர் ஆண்டு பறிபோகும் என்ற பயம் எந்த அளவுக்கு இருக்கும்?

மூன்றாவது காரணம்தான் என்னை அதிகம் உறுத்துவது. காலநீட்டிப்பு அதிகாரிக்குச் செலவில்லாத பரிசு. ஊக்கத்தொகை கொடுத்தால் இந்த வருட பட்ஜெட்டில் பணம் குறையும். ஓர் ஆண்டைக் கூட்டிக் கொடுத்தால் இன்று ஒரு பைசா குறையாது. மறு டெண்டர் என்ற பெரிய தலைவலியும் தள்ளிப்போகும். கொடுப்பவருக்கு வலிக்காத பரிசு தாராளமாகத்தான் போகும். பணமாகக் கொடுக்கும் ஊக்கமே எப்படிப் போனது பாருங்கள். அமெரிக்காவின் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2005 டிசம்பரில் பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களை ஆய்ந்து அறிக்கை வெளியிட்டது. வேலை தாமதமாகி, செலவு எகிறிய திட்டங்களிலும் ஊக்கத்தொகை போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஆய்வுக்கு எடுத்த ஒப்பந்தங்களில் கிடைக்கக்கூடிய ஊக்கத்தொகையில் இடைநிலை அளவாக 90 சதவீதம் கொடுக்கப்பட்டிருந்தது. மொத்தத் தொகை சுமார் 800 கோடி டாலர். ஒரு காலகட்டத்தில் தவறவிட்ட ஊக்கத்தை அடுத்த காலகட்டத்துக்குத் தள்ளி, மறுபடி சம்பாதிக்க வாய்ப்புக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. கஜானாவில் இருந்து எடுக்கும் பணத்திலேயே இப்படி என்றால், கஜானாவைத் தொடாத பரிசில் கை எவ்வளவு தளரும்!

மதிப்பீட்டுக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இது எப்படி நடக்கும் என்று தெரியும். யாரும் லஞ்சம் வாங்குவதில்லை. ஒப்பந்ததாரரின் மேலாளரும் அரசின் மேற்பார்வையாளரும் மூன்று நான்கு வருடம் ஒரே கட்டடத்தில் வேலை செய்திருப்பார்கள். "போன மாதக் கோளாறு அவர்கள் தவறில்லை, உதிரிபாகம் வரவில்லை" என்று ஒருவர் சொல்வார். "இப்போது குறைத்து எழுதினால் அவர்கள் மேல்முறையீடு செய்வார்கள், நமக்குத்தான் வேலை" என்று இன்னொருவர் சொல்வார். "சுமார்" என்று எழுதியிருந்த இடத்தில் "நன்று" வந்துவிடும். எல்லாரும் நல்லவர்கள், நடந்தது மட்டும் அநியாயம்.

ஆகவே உங்கள் பகுதியில் யாராவது இதைக் கொண்டுவரப் பேசினால், ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்? கூடுதல் ஆண்டுகளும் அவற்றின் விலையும் முதல் டெண்டரிலேயே எல்லாருக்கும் சொல்லப்பட்டு, அவற்றையும் சேர்த்தே வெற்றியாளர் தேர்வு நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பின்கதவு வழியாகக் கொடுத்த புது ஒப்பந்தம். தோற்ற கம்பெனி நீதிமன்றம் போனால் நியாயம் அதன் பக்கம் இருக்கும். நீட்டிப்புக்கான எல்லை ஓர் எண்ணாக இருக்க வேண்டும். பாதுகாப்புக்கு இரண்டாவது எண் தனியாக இருக்க வேண்டும். முதல் எண்ணில் எவ்வளவு உயர்ந்தாலும் இரண்டாவதில் விழுந்தால் நீட்டிப்பு இல்லை என்று எழுத வேண்டும். அளப்பவர், மறு டெண்டர் வேலை யார் தலையில் விழுமோ அந்த அலுவலகத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. விலக்களிக்கும் அதிகாரம் யாருக்கும் வேண்டாம். கட்டாயம் வேண்டும் என்றால், விலக்களித்தவர் பெயரோடும் காரணத்தோடும் மறுநாளே அதைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். ஈட்டிய ஆண்டைப் பறிக்கும் பிரிவு இருக்க வேண்டும். லாஸ் அலமோஸ் ஒப்பந்தத்தில் உருப்படியாக வேலை செய்த ஒரே பிரிவு அதுதான்.

கூட்டும் காலம் சிறியதாக இருக்கட்டும். இருபது ஆண்டு என்ற கனவு வேண்டாம். ஐந்துக்கு மேல் இரண்டு என்பது, வெளியே நிற்கும் சிறு நிறுவனம் பொறுத்துக்கொள்ளக்கூடிய காத்திருப்பு. பதின்மூன்று ஆண்டு காத்திருக்கச் சொன்னால் அந்த நிறுவனம் கடையை மூடிவிட்டுப் போயிருக்கும். பிறகு போட்டிக்கு விட்டாலும் போட்டியிட ஆள் இருக்காது. லண்டனில் வேலையைத் தடம் தடமாகப் பிரித்து, ஒவ்வொரு ஆண்டும் ஒரு பகுதி டெண்டருக்கு வரும்படி வைத்திருப்பதால், ஒரு தடத்தை இழந்தவருக்கு அடுத்த ஆண்டு இன்னொரு தடம் இருக்கிறது. ஊர் முழுவதையும் ஒரே ஒப்பந்தமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் காலநீட்டிப்பையும் பரிசாக வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரத்தை உண்டாக்குவது ஓட்டுநரும் துப்புரவுப் பணியாளரும் காவலாளியும். நீட்டிப்பு போய்ச் சேர்வது முதலாளிக்கு. அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டம் மத்திய அரசு ஒப்பந்தங்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கிறது. நீண்டகால ஒப்பந்தம் என்றால் அந்த ஊதியத்தை இடையிடையே திருத்தியாக வேண்டும். நீட்டிப்பு எழுதும் எந்த ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு பிரிவு வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஆண்டின் கூலி ஏழாவது ஆண்டிலும் அப்படியே நிற்கும். நீட்டிப்பின் லாபம் அந்த இடைவெளியில் இருந்துதான் வரும்.

எல்லா நீட்டிப்பும் முடிந்து இனி ஈட்ட எதுவும் மிச்சமில்லாத கடைசி ஆண்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே இந்தப் பரிசுக்குச் சக்தி இல்லை. தரம் சரிவது அந்த ஆண்டில்தான். அந்த ஆண்டுக்கு வேறு பிடி வேண்டும். ஒப்படைப்பு ஒழுங்காக முடியும்வரை தொகையில் ஒரு பங்கை நிறுத்திவைக்கலாம். அமெரிக்க விதிகளில் இன்னொரு வழியும் இருக்கிறது: குறித்த தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் ஒப்பந்ததாரரின் செயல்பாட்டு மதிப்பீடு மத்தியப் பதிவேட்டில் ஏறுகிறது. வேலை முடிந்து மூன்று ஆண்டு வரை, அவர் எந்த அலுவலகத்தில் டெண்டர் போட்டாலும் அந்த அலுவலகம் அதை எடுத்துப் பார்க்கலாம்.